போஸ்ட்கிரெஸ்ஸுக்குள் ஓடும் பைத்தானில் தமிழ் உடைகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காவிரி டெல்டாவில் விவசாயிகள் பட்டியல் வைத்திருக்கும் எந்த டேட்டாபேஸையும் திறந்து பாருங்கள். நெல் வியாபாரம், கூட்டுறவுக் கடன், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அரிசி ஆலை, எதற்கானதாக இருந்தாலும் ஊர்ப் பெயர் வரிசையில் கொஞ்சம் கிறுக்கல் கிடக்கும். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு விதமான எக்செல் கோப்பு வருகிறது. ஒருவர் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடிக்கிறார், ஒருவர் போனில் அடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறார். எல்லாம் ஒரே டேபிளில் விழுகிறது. குறுவை அறுவடை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் அறிக்கை எடுத்தால் பாதிப் பேரைக் காணோம்.

இந்தக் குறிப்பு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி ஓட்டும் பைத்தான் ஃபங்ஷன்களைப் பற்றியது. பிஎல்பைத்தான்3யு என்று நிறுவுவோமே, அதுதான். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றின் வழக்கமான எழுத்தில் வரும். உங்கள் அறிகுறி எது என்று பார்த்து நேராக அங்கே போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதையும் தொடும் முன்

பிழைச் செய்தி பைத்தான் ஃபங்ஷனின் பெயரோடு வருவதால் எல்லாரும் பைத்தானைத்தான் திருத்த உட்காருகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் கடைமடையைத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டோம், மதகைப் போய்ப் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். எழுத்து கை மாறும் இடங்கள் மூன்று. கிளையன்ட் அனுப்பும் பைட்டுகளை சர்வர் தன் என்கோடிங்குக்கு, அதாவது எழுத்தை எந்த பைட்டுகளாக எழுதுவது என்ற முறைக்கு, மாற்றுகிறது. சர்வரில் இருப்பதை பிஎல்பைத்தான் யூனிகோட் ஸ்டிரிங்காக்கி ஃபங்ஷனிடம் தருகிறது. ஃபங்ஷன் திருப்பித் தருவதை மறுபடி சர்வர் என்கோடிங்குக்கு மாற்றுகிறது. பழுது பெரும்பாலும் முதல் இடத்தில் நடக்கும், சத்தம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ கேட்கும்.

அதனால் முதலில் ஷோ சர்வர்_என்கோடிங், ஷோ கிளையன்ட்_என்கோடிங் இரண்டையும் கேளுங்கள். சர்வர் யுடிஎஃப்8 என்று சொல்ல வேண்டும். லத்தீன்1 என்று சொன்னால் அந்த டேட்டாபேஸில் தமிழுக்கு இடமே இல்லை. 22பி05 என்ற எண்ணோடு, இந்த எழுத்துக்கு அந்த என்கோடிங்கில் இணை இல்லை என்ற பிழை வந்துகொண்டே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் என்கோடிங்கை மாற்ற முடியாது. டெம்ப்ளேட்0-வை அடிப்படையாக வைத்து யுடிஎஃப்8-இல் புதிதாக ஒன்றை உருவாக்கி, பழையதை டம்ப் எடுத்து இதில் ஏற்றுவதுதான் வழி.

எஸ்கியூஎல்_ஆஸ்கி என்று சொன்னால் அதைவிட மோசம். அது எதையும் சோதிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். திஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங்கில் வந்ததும் யுடிஎஃப்8-இல் வந்ததும் ஒரே வரிசையில் கிடக்கும். வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாது. ஒருநாள் யாரோ ஒரு பைத்தான் ஃபங்ஷன் எழுதுவார்கள். பைத்தானிடம் கொடுக்கும்போதுதான் யுடிஎஃப்8 சோதனை நடக்கும். ‘இன்வாலிட் பைட் சீக்வன்ஸ்’ என்று அப்போது அலறும். பழி ஃபங்ஷன் எழுதியவர் தலையில் விழும்.

அடுத்து, பைட்டுகளைக் கண்ணால் பார்க்கப் பழகுங்கள். கன்வெர்ட்_டு ஃபங்ஷனுக்கு அந்தக் காலத்தையும் (டேபிளின் நெடுவரிசை) யுடிஎஃப்8 என்பதையும் கொடுத்தால் ஹெக்ஸ் எண்களாகக் காட்டும். ஹெக்ஸில் 9-க்குப் பின் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகள் வரும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்8-இல் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். ‘க’ என்றால் ஈ0 ஏஈ 95. இந்த வடிவம் தெரிந்தால் தமிழ் நல்லபடியாக உள்ளே இருக்கிறது, திரையில்தான் கோளாறு. சி3 ஏ0 சி2 ஏஈ என்று தெரிந்தால் ஒரு தடவை தவறாக மொழிபெயர்ந்து உள்ளே போயிருக்கிறது, மீட்டுவிடலாம். வரிசையாக 3எஃப் 3எஃப் 3எஃப் என்று தெரிந்தால் அவை நிஜமான கேள்விக்குறிகள். எழுத்து போய்விட்டது, மூலக் கோப்பைத் தேட வேண்டியதுதான்.

ஸ்டிரிங்கில் ‘டிகோட்’ இல்லை என்கிறது

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறினவர்களுக்கு வருவது. பைத்தான் 2 காலத்துப் பிஎல்பைத்தானில் எழுத்து பைட்டுகளாகவே ஃபங்ஷனுக்குள் வரும். நாமே டிகோட் செய்துகொள்வோம். பைத்தான் 3-இல் அது ஏற்கெனவே யூனிகோடாக வருகிறது, டிகோட் செய்ய ஒன்றுமில்லை. போஸ்ட்கிரெஸ் 15-இல், அதாவது 2022-இல், பைத்தான் 2 ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ஆகவே தப்பிக்க வழியில்லை: டெக்ஸ்ட், வார்சார் வகை உள்ளீடுகளுக்கான டிகோட், என்கோட் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ‘யூனிகோட்’ என்ற பெயரே தெரியாது என்று வரும் பிழையும் இதே குடும்பம். பைட்டியா வகை உள்ளீடு மட்டும் இன்னும் பைட்டுகளாகத்தான் வரும். அதற்கு டிகோட் வேண்டும். ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு மொத்தமாக நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும், பார்த்து.

‘ஆஸ்கி கோடெக்’ என்ற பெயர் செய்தியில் வருகிறது

பைட் ஈ0-வை டிகோட் செய்ய முடியவில்லை, 128-க்குள் இல்லை என்று சொல்லும். ஈ0 என்றால் தமிழின் முதல் பைட், மேலே பார்த்தோம். பைத்தான் 3-இல் இது டேபிளிலிருந்து வரும் எழுத்தால் வருவதில்லை. ஃபங்ஷன் சர்வரில் உள்ள ஒரு கோப்பைத் திறந்து படிக்கிறதா என்று பாருங்கள். ஓப்பன் கட்டளைக்கு என்கோடிங் சொல்லாவிட்டால் அது லோக்கேலை, அதாவது கணினியின் மொழி அமைப்பை, பார்த்து முடிவு செய்யும். உங்கள் டெர்மினலில் ஓட்டும்போது லோக்கேல் யுடிஎஃப்-8, டேட்டாபேஸ் சேவையாக ஓடும்போது வெறும் ‘சி’. அதனால்தான் கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வருக்குள் ஓடவில்லை. ஓப்பன் செய்யும் ஒவ்வோர் இடத்திலும் என்கோடிங்கை எழுதிவிடுங்கள். எக்செல்லில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று சேமித்த கோப்பானால் யுடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். கோப்பின் தலையில் எக்செல் ஒட்டி வைக்கும் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தை அது கழற்றிவிடும். கோப்பை நேராக டேபிளில் ஏற்றும் போஸ்ட்கிரெஸ்ஸின் காப்பி கட்டளை அதைக் கழற்றாது. முதல் காலம் எண் வகையாக இருந்தால், பார்ப்பதற்குச் சுத்தமாக ‘1’ என்றிருப்பதை எண்ணே இல்லை என்று மறுக்கும். இந்தப் பிழை முதல் வரியில் மட்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம், பிஓஎம்தான்.

தஞ்சாவூர் ஏறவில்லை, நாகை ஏறிவிட்டது

இதுதான் இந்தப் பக்கத்தில் அதிகம் பார்க்கிற கோளாறு, அதிகம் குழப்புவதும் இதுதான். பட்டியலை ஒவ்வொரு வரியாக ஏற்றும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி எல்லாம் பிழை காட்டி நிற்கின்றன. நாகை, கோவிலடி போன்றவை ஒன்றும் சொல்லாமல் ஏறிவிடுகின்றன. பிழைச் செய்தியில் ‘வின்1252’ என்றும், பைட் 8டி அல்லது 81 என்றும் இருக்கும்.

காரணம் இது. கோப்பு யுடிஎஃப்8-இல் இருக்கிறது. கிளையன்ட்_என்கோடிங்கோ வின்1252 என்ற மேற்கத்திய மொழிகளுக்கான என்கோடிங்காக இருக்கிறது. விண்டோஸ் கணினியிலிருந்து ஏற்றுகிறவர்களிடம் சகஜம். சர்வர் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி மேற்கத்திய எழுத்து என்று நினைத்து மாற்றப் பார்க்கிறது. வின்1252-இல் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை: 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழ்ப் புள்ளி யுடிஎஃப்8-இல் ஈ0 ஏஎஃப் 8டி. உகரக் குறி ஈ0 ஏஎஃப் 81. உயிர் எழுத்தில் ஏ என்பது 8எஃப்-இல் முடியும், ஐ 90-இல் முடியும். ஆக, புள்ளியோ உகரக் குறியோ இருக்கிற சொல் மாட்டிக்கொள்ளும்; இல்லாத சொல் நழுவிவிடும். தஞ்சாவூரில் ‘ஞ்’ வந்ததும் 8டி என்று நிற்கும். கும்பகோணத்தில் ‘கு’விலேயே 81 என்று நிற்கும். நாகையில் இரண்டும் இல்லை.

மாட்டிக்கொண்ட தஞ்சாவூரால் நஷ்டம் இல்லை, அது உள்ளேயே போகவில்லை. நழுவிய நாகைதான் தொல்லை. டேபிளில் அது தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, அப்புறம் ஏதோ ஒன்று என்று மூன்று மூன்றாகக் கிடக்கும். அந்த ‘ஏ’தான் ஈ0, வட்டத்து ‘ஆர்’தான் ஏஈ. இனி எந்தத் திரையில் பார்த்தாலும் உங்களுக்கே புரிந்துவிடும்.

முதலில் வாய்க்காலை அடைத்துவிடுங்கள்: ஏற்றும் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் கிளையன்ட்_என்கோடிங்கை யுடிஎஃப்8 ஆக்குங்கள். காப்பி கட்டளையாக இருந்தால் அதன் என்கோடிங் விருப்பத்திலேயே சொல்லலாம்.

அப்புறம் உள்ளே கிடப்பதை மீட்க வேண்டும். எஸ்கியூஎல்லிலேயே செய்யலாம்: கன்வெர்ட்_டு மூலம் வின்1252 பைட்டுகளாக்கி, அதைக் கன்வெர்ட்_ஃப்ரம் மூலம் யுடிஎஃப்8 என்று வாசிக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு நல்ல தமிழ் வரி இடையில் வந்தாலும் அதை வின்1252 ஆக்க முடியாமல் அப்டேட் முழுவதும் நின்றுவிடும். இங்கேதான் பைத்தான் உதவும். டெக்ஸ்ட் வாங்கி டெக்ஸ்ட் தரும் சின்ன ஃபங்ஷன் போதும். உள்ளே ஒரு ட்ரை: வந்த ஸ்டிரிங்கை சிபி1252-இல் (வின்1252-க்குப் பைத்தானில் உள்ள பெயர்) என்கோட் செய்து, யுடிஎஃப்-8-இல் டிகோட் செய்து திருப்பிக் கொடு. யூனிகோட்எரர் வந்தால் வந்ததை அப்படியே திருப்பிக் கொடு. அவ்வளவுதான்.

இதன் அழகு என்னவென்றால் எல்லா வகை வரிக்கும் அதுவே சரியாக நடந்துகொள்ளும். நல்ல தமிழ் சிபி1252-க்குள் நுழையவே முடியாது, எக்செப்ஷன் வரும், மாறாமல் வெளியே வரும். வெறும் ஆங்கிலப் பெயர் உள்ளே போய் அதே உருவில் வெளியே வரும். கிறுக்கல் மட்டும் தமிழாகும். இரண்டு தடவை கெட்டுப்போன வரி இருந்தால் ஃபங்ஷனை இரண்டு தடவை ஓட்டுங்கள். பாதி கிறுக்கலும் பாதி தமிழுமாக ஒட்டிக்கிடக்கும் வரிகளை இது தொடாது, அவை கையால்தான். லத்தீன்1 வழியாக வந்த கிறுக்கலானால் சிபி1252-க்குப் பதில் லத்தீன்-1. அந்த வழியில் வந்தால் எதுவுமே பிழை காட்டாது. தஞ்சாவூரும் கெட்டுத்தான் ஏறியிருக்கும். எதுவானாலும் ட்ரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு கமிட் செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கோபம். வலையில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை, டிகோடுக்கு எரர்ஸ் என்பதில் ‘இக்னோர்’ கொடு என்பது. தயவுசெய்து வேண்டாம். அது பிழையை நீக்காது, எழுத்தைத்தான் நீக்கும். புள்ளி போன பெயரும் கால் போன பெயரும் டேபிளில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். பட்டாவோடும் வங்கிக் கணக்கோடும் பெயரை ஒப்பிடும்போதுதான் தெரியும், அப்போது அந்த விவசாயிக்குப் பணம் நின்றிருக்கும்.

பூஜ்ய பைட் புகார்

‘நல் பைட்ஸ்’ இருப்பதாகத் தெரிகிறது, சி-ஸ்டிரிங்காக மாற்ற முடியவில்லை என்று ஃபங்ஷன் திரும்பும்போது சொல்லும். போஸ்ட்கிரெஸ்ஸின் டெக்ஸ்ட் வகையில் பூஜ்ய எழுத்துக்கு இடமில்லை, விதிவிலக்கே கிடையாது. பைத்தானுக்கோ அது சாதாரண எழுத்து. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஒரு கருவி நிலையான அகலத்தில் அனுப்பும் வரியின் வாலில் பூஜ்யங்களை அடைத்து அனுப்பியிருந்தால், வாலை வெட்டிவிடலாம். ஆனால் எழுத்துக்கு எழுத்து நடுவில் பூஜ்யம் இருந்தால் கோப்பு யுடிஎஃப்-16, அதை வேறு ஏதோவாக வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். எக்செல்லின் ‘யூனிகோட் டெக்ஸ்ட்’ சேமிப்பு இந்த வகைதான். அதையே காப்பி கட்டளைக்குக் கொடுத்தால் முதல் பைட்டிலேயே எஃப்எஃப் என்று பிழை வரும். யுடிஎஃப்-16 என்று சொல்லி வாசியுங்கள். பூஜ்யத்தை ரீப்ளேஸ் போட்டு அழிக்காதீர்கள்.

ஜேசன் தரவை வைக்கும் ஜேசன்பி வகையில் பின்சாய்கோடு யு0000 இருந்தாலும் இதே சண்டைதான், எண் 22பி05.

‘சரகேட்ஸ் நாட் அலவ்டு’

யுடிஎஃப்-16-இல் பெரிய எண் கொண்ட எழுத்துகளை இரண்டு துண்டாக எழுதுவார்கள். ஒரு துண்டு மட்டும் தனியாக வந்தால் அதை யுடிஎஃப்8-இல் எழுத முடியாது. போன் செயலி குறிப்பைச் சரியாக இத்தனை எழுத்தில் வெட்டும்போது கடைசி ஈமோஜி பாதியாகி, ஜேசனில் அந்தப் பாதி மட்டும் வரும். பைத்தான் ஜேசனை முகம் சுளிக்காமல் வாசித்துவிடும். ஃபங்ஷன் திரும்பும்போதுதான் மாட்டும். ஈமோஜி பாதி போனால் போகட்டும், அந்த எழுத்தை மட்டும் நீக்கலாம்.

தமிழ் இந்தப் பக்கம் வராது என்று நினைக்க வேண்டாம். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் எல்லாம் சிறிய எண் பகுதிதான். ஆனால் 2019-இல் வந்த யூனிகோட் 12-இல் தமிழுக்கு இன்னொரு தொகுதி சேர்ந்தது. முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளும், உழக்கு, குறுணி, பதக்கு என்ற முகத்தல் குறிகளும் அதில் இருக்கின்றன. பழைய பண்ணைக் கணக்கையோ கோவில் நெல் கணக்கையோ குறி மாறாமல் கணினியில் ஏற்றுகிறவர்கள் இதைப் பயன்படுத்துவார்கள். இவை ஒவ்வொன்றும் 4 பைட், யுடிஎஃப்-16-இல் இரண்டு துண்டு. போஸ்ட்கிரெஸ் யுடிஎஃப்8 இவற்றை ஏற்கும். மைஎஸ்கியூஎல்லில் வைத்திருந்தால் யுடிஎஃப்8எம்பி4 இல்லாமல் முடியாது.

பெயருக்கு முன்னால் ‘பி’யும் மேற்கோளும்

டேபிளில் பெயருக்குப் பதில் சின்ன ‘பி’, ஒற்றை மேற்கோள், பிறகு பின்சாய்கோடு எக்ஸ் ஈ0, பின்சாய்கோடு எக்ஸ் ஏஈ என்று நீளமாக இருந்தால், ஃபங்ஷன் டெக்ஸ்ட் தர வேண்டிய இடத்தில் பைட்டுகளைத் தருகிறது. பிஎல்பைத்தான் அதற்கு ‘ஸ்டிரிங் உரு’ கேட்டு வாங்கி அப்படியே எழுதிவிடுகிறது. பிழையே வராது. கடைசி வரியில் உள்ள என்கோடை எடுத்துவிட்டால் சரி.

பின்சாய்கோடு யு0பிஏ4 மாதிரி வரிசையாக இருந்தால் அது ஜேசன் டம்ப்ஸ் வேலை. இயல்பாகவே அது தமிழை அப்படித்தான் எழுதும். என்ஷ்யூர்_ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஜேசன்பி காலத்தில் வைத்தால் போஸ்ட்கிரெஸ் தானே பிரித்துக்கொள்ளும். டெக்ஸ்ட் காலத்தில் வைத்தால்தான் அசிங்கமாகக் கிடக்கும்.

கேள்விக்குறி, கட்டம், ‘ஜேகேபிஓ’

கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்ட் இல்லை, டேட்டாபேஸில் ஒன்றும் கெடவில்லை. கேள்விக்குறி என்றால் எக்செல்லில் வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்திருப்பார்கள். அனுப்பியவரிடமே மறுபடி கேளுங்கள்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால் அது பாமினி போன்ற ஃபான்ட் எழுத்து. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்தது ஃபான்ட் போனதும் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை இது குற்றமற்ற ஆங்கிலம், எந்த என்கோடிங் மாற்றமும் இதைச் சரியாக்காது. எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை வேண்டும், கொம்புகளை இடம் மாற்றவும் வேண்டும், ஏனென்றால் அங்கே ‘கெ’ என்றால் கொம்பு முதலில், ‘க’ பிறகு. திஸ்கி கோப்பானால் லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு அது தெரியும். டேட்டாபேஸுக்கு வெளியிலேயே மாற்றிவிட்டு ஏற்றுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸுக்கும் சரி, பைத்தானின் நிலையான நூலகத்துக்கும் சரி, திஸ்கி தெரியாது.

ஒரே ஊர், இரண்டு வரி

கும்பகோணம் என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். குரூப் பை போட்டால் கும்பகோணம் இரண்டு வரியாக வருகிறது, இரண்டும் கண்ணுக்கு ஒன்றேதான். லெங்த் போட்டுப் பாருங்கள்: ஒன்று 10, இன்னொன்று 11.

‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. சில விசைப்பலகைகளும் பழைய ஃபான்ட் மாற்றிகளும் இரண்டாவது வழியில் எழுதுகின்றன. யூனிகோட் இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது, ஆனால் சமன் குறி பைட்டுகளைத்தான் பார்க்கிறது. என்எஃப்சி என்ற, துண்டுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் என்று அதற்கே சொந்த ஃபங்ஷன் வந்துவிட்டது. இதற்காகப் பைத்தானைக் கூப்பிட வேண்டியதில்லை. டேட்டாபேஸ் யுடிஎஃப்8-ஆக மட்டும் இருக்க வேண்டும்.

என்எஃப்சி தொடாத மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, ‘ஸ்ரீ’. திருவாரூர் மாவட்டத்து ஸ்ரீவாஞ்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் எழுத்து ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்றும் இருக்கலாம். 2005-இல் யூனிகோட் 4.1-இல் வந்த ஶ-வை முதலில் வைத்தும் இருக்கலாம். திரையில் ஒரே உரு. யூனிகோடுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து மற்றதை ரீப்ளேஸ் செய்யுங்கள்.

இரண்டு, ‘சௌந்தரம்’. பலர் இதைச் செ-வும் ள-வும் போட்டு அடிக்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம். இதற்கு மட்டும் மொத்த ரீப்ளேஸ் போடக் கூடாது. எகரக் கொம்புக்குப் பின் ள வந்தால் ஔ ஆக்கு என்று எழுதினால் வெள்ளாறும் தெளிவும் கெளுத்தியும் சேர்ந்து கெட்டுவிடும். பெயர்ப் பட்டியலில் சந்தேகமானவற்றை எடுத்துக் கையால்தான் பார்க்க வேண்டும்.

மூன்று, கண்ணுக்குத் தெரியாதவை. போனில் அடித்து ஒட்டியதில் அகலமில்லா இணைப்பான்களும் உடையாத இடைவெளியும் வரும். போஸ்ட்கிரெஸ் ட்ரிம் சாதாரண இடைவெளியைத்தான் வெட்டும். பைத்தான் ஸ்டிரிப் உடையாத இடைவெளியையும் வெட்டும், ஆனால் அகலமில்லாதவற்றையும் பிஓஎம்மையும் விட்டுவிடும். பெயர் சொல்லித்தான் நீக்க வேண்டும்.

என் பழக்கம்: வந்த பெயரைத் தொடுவதில்லை. பக்கத்தில் ‘ஒப்பிடும் பெயர்’ என்று இன்னொரு காலம். என்எஃப்சி, ஸ்ரீ மாற்றம், தெரியாத எழுத்து நீக்கம் எல்லாம் அதில்தான். தேடலும் யுனீக் இன்டெக்ஸும் அதன் மேல். அச்சடிக்கும்போது அவர் எழுதிக்கொடுத்த பெயரே போகும். அகலமில்லா இணைப்பான் சில இடங்களில் க், ஷ இரண்டும் ஒட்டாமல் நிற்க வேண்டுமென்றே போட்டதாகவும் இருக்கும், அதையும் நாம் கெடுக்க மாட்டோம்.

ரெஜெக்ஸ் சொல்லைத் துண்டு போடுகிறது

ரெஜெக்ஸ் என்ற தேடல் வடிவத்தில் பின்சாய்கோடு டபிள்யூ, கூட்டல் என்று கொடுத்து ‘திருவையாறு’வில் சொற்களைத் தேடினால் பைத்தான் த, ர, வ, ய, ற என்று ஐந்து துண்டு தரும். பைத்தானின் ஆர்இ மாட்யூலுக்கு உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து இல்லை. ஐஸ்ஆல்ஃபா என்று கேட்டாலும் இதே பதில்தான். பெயரில் எழுத்து மட்டும் இருக்கிறதா என்று அதை வைத்துச் சோதிக்கும் ஃபங்ஷன் ஏறக்குறைய எல்லாத் தமிழ்ப் பெயரையும் நிராகரிக்கும். யூனிகோடின் தமிழ்ப் பகுதி ஹெக்ஸில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. அந்த எல்லையைச் சதுர அடைப்புக்குள் நேரடியாக எழுதுங்கள்.

வரிசைப்படுத்தினால் ‘ன’ போய் ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது என்றால், அது யூனிகோட் எண் வரிசை. பைத்தான் சார்ட்டட் அப்படித்தான் செய்யும். வரிசைப்படுத்துவதை எஸ்கியூஎல்லிடம் விட்டு, ஐசியூ என்ற யூனிகோட் நூலகம் வழங்கும் தமிழ்க் கொலேஷனை, அதாவது வரிசை விதியை, கொடுத்துவிடுங்கள்.

குறுஞ்செய்தியில் பெயரின் வால் அறுகிறது

நெல் எடை போட்டதும் விவசாயிக்குப் போகும் எஸ்எம்எஸ்ஸைப் பல இடங்களில் டேட்டாபேஸ் ஃபங்ஷனே தயார் செய்கிறது. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்து. இந்த 70 கண்ணுக்குத் தெரியும் எழுத்தல்ல. தஞ்சாவூர் பார்வைக்கு 5, கணக்குக்கு 9.

இங்கே இரண்டு அறிகுறி வரும். ‘எதிர்பாராமல் தரவு முடிந்துவிட்டது’ என்று டிகோட் பிழை வந்தால், யாரோ பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். 60 பைட்டில் வெட்டினால் சுத்தமான தமிழுக்கு ஓடும், 60 மூன்றால் வகுபடும். பெயருக்கு முன்னால் இனிஷியலுக்கு ஒரு முற்றுப்புள்ளியும் ஒரு இடைவெளியும் வந்தால் அவை ஒவ்வொன்றும் 1 பைட், கணக்கு தவறும். அதனால்தான் சோதனையில் ஓடியது களத்தில் ஓடவில்லை. வெட்டுவதை ஸ்டிரிங்கின் மேல் செய்யுங்கள், பைட்டின் மேல் வேண்டாம்.

பிழை இல்லாமல் ‘கும்பகோணம்’ என்பது ‘கும்பகோணம’ என்று போனால் வெட்டு சரியாகப் புள்ளிக்கு முன்னால் விழுந்திருக்கிறது. வெட்டும் இடத்துக்கு அடுத்து வரும் எழுத்தின் வகையை யூனிகோட்டேட்டாவின் கேட்டகரியிடம் கேளுங்கள். பதில் ‘எம்’ என்று தொடங்கினால் அது முன்னெழுத்தோடு ஒட்ட வேண்டிய குறி. ஓர் எழுத்து பின்னால் போய் அங்கே வெட்டுங்கள், அங்கேயும் குறியாக இருந்தால் இன்னும் ஒன்று பின்னால். பெயரை வெட்டுவதைவிட வாக்கியத்தைச் சுருக்குவது எப்போதும் நல்லது. ‘தங்களிடமிருந்து பெறப்பட்ட நெல்லின் எடை’ என்று எழுதும் இடத்தில் ‘நெல் எடை’ என்றாலே அவருக்குப் புரியும்.